நாற்பது பேருக்குப் பூசணிச் சூப்

செப்டம்பர் 10

மாப்பிள்ளைக்கு,

நீ ஊர் போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று மேல்வீட்டுத் தையல்காரம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்கும் மூன்று முறை போன் அடித்தாய். நான்தான் எடுக்கவில்லை. இனியும் எடுக்கமாட்டேன். போனில் நான் ஒரு பேச்சை முடிப்பதற்குள் நீ சிரித்துவிடுகிறாய். தாளில் உன்னால் குறுக்கே பேச முடியாது.

திங்கட்கிழமை நடந்ததை எழுத்தில் வைக்கிறேன். என் வீட்டில், என் மேசையில், என் கையால் வைத்த பூசணிச் சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டு, "அத்தான், அடிப்பிடிச்சிருச்சு போலிருக்கே" என்றாய். யார் முன்னால் சொன்னாய்? தையல்காரம்மா முன்னால். எங்கள் பணிமனைப் பெயிண்டர் முன்னால். அந்தப் பெயிண்டர் இரண்டு கிண்ணம் வாங்கிக் குடித்துவிட்டு "அமிர்தம்டா" என்றான். அது உன் காதில் விழவில்லையா?

பஸ் பணிமனையில் முப்பத்துநான்கு வருடம் மெக்கானிக்காக இருந்தேன். எந்த வண்டியில் என்ன கசிகிறது என்று பானெட்டைத் திறக்காமலே மூக்கால் சொன்னவன் நான். உன் அக்கா ஆஸ்பத்திரியில் இரவு வேலைக்குப் போன காலத்தில், ஒருவரும் சொல்லித் தராமல் நானாக அடுப்படிக்குள் புகுந்தேன். அன்றிலிருந்து, சமைக்கும்போது நாக்கில் வைத்து ருசி பார்த்ததே இல்லை. உப்பு, காரம், வேக்காடு எல்லாவற்றையும் ஆவியே சொல்லிவிடும். அப்படிப்பட்டவனுக்கா அடிப்பிடிப்பது தெரியாமல் போகும்?

அக்டோபர் 27 பணிமனை ஆட்களின் விருந்து. ஓய்வு பெற்ற நாற்பது பேர். வருடத்துக்கு ஒரு நாள்தான் நாங்கள் எல்லோரும் ஒன்றாக உட்காருகிறோம். பதினோரு வருடமாகப் பானையும் கரண்டியும் என் கையில். பணிமனை ஸ்டோரில் உதிரிபாகம் கொடுத்துக்கொண்டிருந்தவர் மூன்று வருடமாக "எதுக்கு இந்தப் பாடு, கடையில பொட்டலம் வாங்கிடலாம்" என்று நச்சரிக்கிறார். என் சூப் அடிப்பிடித்தது என்ற பேச்சு அவர் காதுக்குப் போனால் கரண்டி என் கையை விட்டுப் போய்விடும். அதற்குக் காரணம் நீ.

இந்த வருடம் உன் ஆப்பிள் ஜாம் எனக்கு வேண்டாம்.

அத்தான்


செப்டம்பர் 16, திங்கள்

அத்தானுக்கு,

சலூனுக்கு இன்று விடுமுறை. வாயால் பிழைக்கிறவன் நான். கத்தரி பிடித்த கைக்குப் பேனா கனக்கிறது. பிழை இருந்தால் அதற்கும் ஒரு கடிதம் போட்டுவிடாதீர்கள்.

நான் குறை சொல்ல வாயைத் திறக்கவில்லை. வாய்க்குள் போனதும் தானாக வந்துவிட்டது. என் கடையில் ஒருவருக்குக் காது நுனியில் கத்தி பட்டால், "ஐயோ" என்று நான்தான் முதலில் கத்துவேன். என் பழக்கம் அது.

ஆனால் நடந்தது நடந்ததுதான். நீங்கள் கோபித்துக்கொண்டு உள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினீர்களே, அப்போது அந்தப் பானையைக் கழுவியது யார்? நான். இருபது நிமிடம் கம்பி நாரால் தேய்த்தேன். அடியில் தார் ரோடு போட்டிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் அத்தான், சூப்பில் மறைக்க முடியாது.

ஒன்று கேட்கிறேன். ஜூலையில் வந்த காய்ச்சல் முழுதாகப் போய்விட்டதா? முகம் வாடியிருந்தது. அக்கா தன் மகள் வீட்டிலிருந்து போன் செய்து, "உங்கத்தான் ஒழுங்கா சாப்பிடறாரா?" என்று கேட்டாள். "நம்ம எல்லாரையும் தின்னுட்டிருக்கார்" என்றேன். சிரித்தாள். பேத்திக்கு மூன்றாவது மாதம் முடிந்ததும், நவம்பர் நடுவில் வருகிறாளாம்.

மரத்தில் ஆப்பிள் சிவந்துவிட்டது. வேண்டாம் என்று நீங்கள் சொன்னாலும் ஜாம் வரும்.

உங்கள் மச்சினன்


செப்டம்பர் 21

மாப்பிள்ளைக்கு,

பானை அடியில் இருந்தது பழைய கறை. அது உன் அக்கா காலத்துக் கறை. அவள் ஊரில் இல்லாத நேரத்தில் அவள் மேல் பழி போட வேண்டாம் என்று நான் சும்மா இருந்தேன்.

காய்ச்சல் போய்விட்டது. எனக்கு ஒன்றுமில்லை. இந்த வருடம் கடைச் சாமான்தான் சரியில்லை. வெங்காயத்தில் வீரியம் இல்லை. இரண்டு கிலோ நறுக்கினேன், கண்ணில் நீர் வந்ததே தவிர வாடையே இல்லை. காப்பித்தூளில் எதையோ கலக்கிறார்கள். வெறும் கசப்பு நீர். கடைக்காரனிடம் போய்ச் சண்டை போட்டேன். பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டு, "ஐயா, இது நல்லாத்தானே இருக்கு" என்கிறான். திருடன். நேற்று நல்ல மழை. சன்னலைத் திறந்து வைத்து அரைமணி நேரம் உட்கார்ந்தேன். மண்வாசனைகூட இல்லை. இலையெல்லாம் உதிர்கிறதே தவிர, இலையுதிர் காலம் இன்னும் வந்த மாதிரியே தெரியவில்லை.

ஜாம் அனுப்பினால் திருப்பி அனுப்புவேன். நீ சர்க்கரைப் பிரியன். ஒரு கிலோ ஆப்பிளுக்கு ஒரு கிலோ சர்க்கரை போடுகிறவனுக்கு என் மிளகு எப்படிப் பிடிக்கும்?

காய்ச்சல், முகவாட்டம் என்றெல்லாம் உன் அக்காவிடம் ஒரு வார்த்தை போகக்கூடாது.

அத்தான்


அக்டோபர் 5

மாப்பிள்ளைக்கு,

உன் பார்சல் வந்தது. திருப்பி அனுப்பத்தான் நினைத்தேன். தபால்காரர் முழங்கால் வலி என்றார். அவருக்காக வைத்துக்கொண்டேன்.

மூன்று நாளாகக் காலை ரொட்டியில் தடவிச் சாப்பிடுகிறேன். உள்ளதைச் சொல்கிறேன். ஆப்பிளை ஏன் இப்படி நாராக நறுக்கியிருக்கிறாய்? பல்லில் சிக்குகிறது. புளிப்பு போன வருடத்தைவிடத் தேவலை. சர்க்கரையும் மட்டாக இருக்கிறது, உனக்கும் புத்தி வருகிறது. ஆனால் பட்டையை அள்ளிக் கொட்டிவிட்டாய். மூடியைத் திறந்ததும் வீடு முழுக்கப் பட்டை வாசம். தையல்காரம்மாவுக்கும் ஒரு துண்டு ரொட்டியில் தடவிக் கொடுத்தேன். ஒரு கடி கடித்தார். "அடுப்புல பால் வெச்சிட்டு வந்தேன்" என்று எழுந்து ஓடிவிட்டார். அவ்வளவு பட்டை.

விருந்துக்குப் பூசணி சொல்லிவைத்துவிட்டேன். பதினெட்டு கிலோ. ஸ்டோர்க்காரர் ஒரு வாரமாக என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரிக்கிறார். ஏனென்று தெரியவில்லை.

அத்தான்


அக்டோபர் 5

அத்தானுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். அந்தப் பாட்டிலைத் திறக்க வேண்டாம்!

போன திங்கட்கிழமை ஒரே நாளில் இரண்டு சட்டி ஏற்றினேன். ஒன்று ஆப்பிள். இன்னொன்று வெங்காயம். சர்க்கரையும் வினிகரும் விட்டு மூன்று மணி நேரம் சுண்டவைத்த வெங்காய ஜாம், இறைச்சிக்குத் தொட்டுக்கொள்ள எதிர்க் கடைக்காரர் கேட்டிருந்தார். இரண்டும் ஒரே நிறம். பூண்டு வேறு கை நிறையப் போட்டிருக்கிறேன். ஆப்பிள் என்று சீட்டு ஒட்டி வெங்காயத்தை உங்களுக்கு அனுப்பிவிட்டேன். எதிர்க் கடைக்காரர் இறைச்சியில் ஆப்பிளைத் தடவித் தின்றுவிட்டு வந்து கத்தியபோதுதான் தெரிந்தது.

நீங்கள் மூடியைத் திறந்ததுமே தெரு முனைவரை அடித்திருக்கும். அடுத்த கடிதத்தில் என்னென்ன வசவு வரப்போகிறதோ! தலையைக் குனிந்து வாங்கிக்கொள்கிறேன்.

மச்சினன்


அக்டோபர் 9

அத்தானுக்கு,

உங்கள் கடிதமும் என் கடிதமும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. உங்களுடையதை மூன்று முறை படித்தேன். முதல் முறை சிரித்தேன். நாற்காலியில் இருந்த ஆள் பாதி வெட்டிய முடியோடு எழுந்து கண்ணாடியில் என்னைப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன். இரண்டாம் முறை சிரிப்பு வரவில்லை.

அந்தப் பாட்டிலில் பட்டையே இல்லை அத்தான். பூண்டு இருந்தது. வெங்காயம் இருந்தது. வீடு முழுக்கப் பட்டை வாசம் என்று நீங்கள் எழுதியது யாரை நம்பவைக்க?

வெங்காயத்தில் வாடை இல்லை, காப்பியில் மணம் இல்லை, மழையில் மண்வாசனை இல்லை. உலகத்தில் எல்லாமே ஒரே நாளில் கெட்டுப்போகுமா? ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்றானாம். என் கடைக்கு முடி வெட்ட வரும் கம்பவுண்டரிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன். "காய்ச்சலுக்கு அப்புறம் சிலருக்கு மூக்கு இப்படி ஆயிடும். பாதிப் பேருக்குத் திரும்ப வரும். டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்க, முதல்ல அடுப்புகிட்ட ஜாக்கிரதையா இருக்கச் சொல்லுங்க" என்றார்.

விருந்துக்கு இன்னும் பதினெட்டு நாள். நாற்பது பேர் பானையை வாசம் தெரியாமல் எப்படி இறக்குவீர்கள்? இந்த ஒரு வருடம் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். யாரும் தலையை வாங்கமாட்டார்கள்.

மச்சினன்


அக்டோபர் 12

என் மூக்கு என் முகத்தில்தான் இருக்கிறது. தடவிப் பார்த்துக்கொண்டேன்.

கம்பவுண்டரிடம் பெயர் சொல்லவில்லையாம்! உனக்கு எத்தனை அத்தான் இருக்கிறான்?

இனி எனக்கு எழுதாதே.


அக்டோபர் 18

மாப்பிள்ளைக்கு,

எழுதாதே என்றால் எழுதாமலே இருந்துவிடுவதா? இது என்ன மரியாதை?

புதன்கிழமை அடுப்பில் பால் வைத்துவிட்டு, பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்து பேப்பர் படித்தேன். அடுப்புக்கும் எனக்கும் நாலடி தூரம். கதவை யாரோ உடைக்கிற மாதிரித் தட்டினார்கள். திறந்தால் தையல்காரம்மா. கழுத்தில் அளவு நாடா, கையில் கத்தரிக்கோல். "ஐயா, என்ன கருகுது? மாடியில உட்கார முடியல!" என்று என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார். திரும்பிப் பார்த்தேன். பால் இல்லை. பாத்திரத்துக்குள் கரி மட்டும் இருந்தது. அறை முழுக்கப் புகை. கண் எரிந்தது, அதையும் வயதுக் கோளாறு என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த அம்மா சன்னலையெல்லாம் திறந்துவிட்டு என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். கேட்காததால் உட்கார்ந்துவிட்டேன்.

சரி. ஜூலையிலிருந்து எனக்கு ஒரு வாசமும் தெரியவில்லை. உப்பு தெரிகிறது, புளிப்பு தெரிகிறது, இனிப்பு தெரிகிறது. மற்றதெல்லாம் வெறும் சூடு, வெறும் ஈரம். முதல் வாரம் சளி என்று நினைத்தேன். பிறகு நினைப்பதை நிறுத்திவிட்டேன். இதைத் தெரிந்துகொண்டதால் நீ பெரிய ஆள் என்று எண்ணிவிடாதே.

விருந்தில் சொல்லமாட்டேன். பொட்டலமும் வரவிடமாட்டேன். மூக்கால் வண்டிப் பழுதைப் பிடித்தவன் என்றுதான் அந்த நாற்பது பேரும் என்னை வைத்திருக்கிறார்கள். அது போனால் நான் அங்கே யார்?

உன் ஊரிலிருந்து சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஒரு பஸ் இருக்கிறது. பதினொன்றரைக்கு இங்கே வந்துவிடும். வா என்று நான் சொல்லவில்லை. பஸ் இருக்கிறது என்று சொல்கிறேன்.

அத்தான்


அக்டோபர் 21, திங்கள்

அத்தானுக்கு,

பஸ் இருக்கும் தகவலுக்கு நன்றி. இந்த ஞாயிற்றுக்கிழமை சலூன் இருக்காது என்று கடை வாசலில் பலகை மாட்டிவிட்டேன். பதினாறு வருடத்தில் முதல் ஞாயிறு. "வீட்ல ஏதாவது விசேஷமா?" என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். "எங்க அத்தானுக்கு ஒரு மூக்கு தேவைப்படுது, கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துடறேன்" என்றேன். பயப்படாதீர்கள், ஒருவரும் நம்பவில்லை.

திட்டம் இதுதான். பானைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பேன். அடிப்பிடிக்கிற மாதிரி வாடை வந்தால் ஒரு இருமல். மிளகு போதும் என்றால் இரண்டு. இறக்கலாம் என்றால் மூன்று. நீங்கள் எப்போதும் போல ஆவியில் முகத்தைக் காட்டிக்கொண்டு நில்லுங்கள். ஸ்டோர்க்காரர் அல்ல, அவர் பாட்டனே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

எனக்கு ஒரு நிபந்தனை உண்டு. விருந்து முடிந்த வாரம் டாக்டர்.

மச்சினன்


அக்டோபர் 25, வெள்ளி

அத்தானுக்கு,

இதைப் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

முந்தாநாள் தும்மினேன். நேற்று மூக்கு ஒழுகியது. இன்று காலையிலிருந்து கான்கிரீட் போட்டு அடைத்த மாதிரி இருக்கிறது. வினிகர் பாட்டிலைத் திறந்து மூக்குக்குள் வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. இருமல் மட்டும் நிற்காமல் வருகிறது. பக்கத்தில் உட்கார்ந்தால் நிமிடத்துக்கு நாலு முறை பானையை இறக்கச் சொல்லுவேன். என் பெண்டாட்டி வெளியே விடமாட்டேன் என்று செருப்பை ஒளித்துவைத்திருக்கிறாள்.

நான் என்ன செய்வேன் அத்தான்? இந்த மூக்கை வைத்துக்கொண்டு வந்து என்ன பயன்? அங்கே ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள். ஒரே ஒருவரிடம்.

மச்சினன்


அக்டோபர் 29

மாப்பிள்ளைக்கு,

கஷாயம் குடி. இந்தக் கடிதத்தைப் படுத்துக்கொண்டு படி.

சனிக்கிழமை உன் சீட்டைப் படித்துவிட்டு உன்னைத் திட்டியதில் பாதி தையல்காரம்மாவுக்கும் கேட்டிருக்கும். பிறகு கடிகாரத்தைப் பார்த்துச் சமாளிக்கலாம் என்று முடிவு செய்தேன். பூசணி வேக இவ்வளவு, பால் விட்டபின் இவ்வளவு என்று ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பணிமனை கேன்டீனில் பானையை ஏற்றினேன். பூசணி, வெங்காயம், ஒரு பெரிய இஞ்சி. ஒன்பதரைக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பத்து மணிக்கு அட்டையை எடுத்தேன். ஆனால் அது வீட்டு அடுப்புக் கணக்கு. கேன்டீன் அடுப்பு கொல்லன் உலை மாதிரி எரிகிறது. பானைக்குள் பார்த்தால் மேலே குமிழி. அடியில் என்ன நடக்கிறது? முகத்தை ஆவியில் காட்டினேன். முகம் நனைந்தது. அவ்வளவுதான்.

ஸ்டோர்க்காரர் வந்து நின்றார். "என்ன, கை நின்னுபோச்சு? ஆவி ஒண்ணும் சொல்லலையா?" என்றார்.

என்றைக்கும் போல ஏதாவது சொல்லி அவர் வாயை அடைத்திருக்கலாம். அடைத்திருந்தால் பதினெட்டு கிலோ பூசணியும் கருகியிருக்கும், நாற்பது பேரும் முகத்தைச் சுளிக்காமல் குடித்துவிட்டுப் போயிருப்பார்கள். அதை நினைத்ததும்தான் எனக்குப் பொறுக்கவில்லை. என் மேல் இரக்கப்பட்டு ஒருத்தன் என் சூப்பைக் குடிப்பதா? கரண்டியால் மூடியை நாலு தட்டு தட்டினேன்.

"எல்லாரும் கேளுங்க. ஜூலையிலேருந்து எனக்கு வாசம் தெரியல. இது இப்ப அடிப்பிடிச்சாலும் எனக்குத் தெரியாது. மூக்கு உள்ளவங்க யாராவது வந்து நில்லுங்க. சீக்கிரம்!"

முதலில் சிரித்தது பெயிண்டர்.

"இதுக்கா இப்படிக் கத்தின? எனக்கு இருபது வருஷமா ஒண்ணுமே தெரியாதேடா! பெயிண்ட் அடிச்ச மூக்கு, என்னிக்கோ செத்துப்போச்சு."

"அப்ப பதினோரு வருஷமா அமிர்தம் அமிர்தம்னியே?"

"சூடா இருந்துச்சு. கெட்டியா இருந்துச்சு. மேல வறுத்த விதை மொறுமொறுன்னு இருந்துச்சு. நீயா வந்து மறுபடி மறுபடி ஊத்தின. வேற என்னடா அமிர்தம்?"

பதினோரு வருடம் என்னை அதிகம் புகழ்ந்த ஒரே ஆள் அவன். இதற்கு நான் கோபப்பட வேண்டுமா, வேண்டாமா என்று முடிவு செய்வதற்குள் பேட்டரிக்காரர் எழுந்தார். அவருக்கு ஆசிட் காலத்திலேயே பாதி மூக்கு போய்விட்டதாம். வெல்டருக்கு இடது பக்கம் மட்டும் வேலை செய்கிறதாம். இன்னொருவர், "மூக்கு நல்லாத்தான் இருக்கு, எனக்குப் பூசணிதான் பிடிக்காது" என்று அந்தச் சாக்கில் சொல்லிவிட்டார். எண்ணிப் பார்த்தோம். நாற்பது பேரில் முழு மூக்கு ஒன்பது. அதிலும் பழுதே படாத மூக்கு ஒன்றே ஒன்று. வேலைக் காலம் முழுக்கப் புகையும் டீசலும் படாமல், கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மூக்கு.

ஆம். ஸ்டோர்க்காரர்.

மூன்று தரம் எழுதிக் கொடுத்தால்தான் ஒரு ஸ்பானர் தருகிற மனிதர் அவர். வந்தார். கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு பானைக்கு மேலே குனிந்தார். ஒரு நிமிடம் அசையவில்லை. திடீரென்று, "கிண்டு! கிண்டு! வலது பக்கம் பிடிக்கப் போகுது!" என்று கத்தினார். கிண்டினேன். "தீயைக் குறை!" குறைத்தேன். "மிளகு?" என்றேன். "இன்னும் ரெண்டு கரண்டி" என்றார். "ஒண்ணரை போதும்" என்றேன். "மூக்கு யாருது?" என்றார். "பானை யாருது?" என்றேன். நாற்பது பேரும் சுற்றி நின்று ஆளுக்கு ஒரு பக்கம் கத்தினார்கள். கடைசியில் ஒன்றே முக்கால் கரண்டி போட்டோம். "இறக்கு" என்று அவர் சொன்ன நொடியில் இறக்கினோம். வாழ்நாளில் முதல் முறையாக அந்த மனிதர் கேட்டதைக் கேட்ட நேரத்தில் கொடுத்தார்.

ஒரு மணிக்குள் பானை காலி. பூசணி பிடிக்காதவர் இரண்டாம் தரம் கேட்டார். பானையைக் கவிழ்த்து அடியை எல்லோரும் பார்த்தார்கள். கண்ணாடி மாதிரி இருந்தது. பொட்டலம் பற்றி யாரும் பேசவில்லை. ஸ்டோர்க்காரர் போகும்போது, "அடுத்த வருஷம் ஒன்பது மணிக்கே வந்துடறேன், நீ நேரத்துக்கு ஏத்து" என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார். கரண்டி என் கையில்தான் இருக்கிறது. அதற்கு மேல் அவர் மூக்கு இருக்கிறது. சகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

உன் அக்காவிடம் நானே போனில் சொன்னேன். "ஜூலையிலேயே எனக்குத் தெரியும். முப்பது வருஷம் நர்ஸா இருந்தவகிட்டயா மறைக்கறீங்க? மேல்வீட்டம்மாவை உங்க அடுப்பு மேல ஒரு கண்ணு வெச்சுக்கச் சொன்னதே நான்தான். நீங்களா எப்ப வாயைத் திறப்பீங்கன்னுதான் பார்த்துட்டிருந்தேன்" என்றாள். உங்கள் குடும்பமே ஒற்றர் குடும்பம். டாக்டர் வியாழக்கிழமை. நீ நிபந்தனை போட்டதற்காக அல்ல, அவள் சொன்னதற்காகப் போகிறேன்.

செப்டம்பர் மாதச் சூப் விஷயத்தில் நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. அன்று ஸ்டோர்க்காரர் அங்கே இல்லை. உன் பேச்சை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

நேற்றுப் பெயிண்டர் ஒரு கூடை பேரிக்காயோடு வந்தான். இரண்டு பேரும் சேர்ந்து சமைத்தோம். பேரிக்காயை வெல்லத்தில் வதக்கி, மேலே உடைத்த கடலை. அவன் சத்தத்தை வைத்து வேக்காடு சொல்கிறான்: "சிடுசிடுப்பு அடங்கிச்சு பாரு, இப்பத் திருப்பு." சும்மா சொல்லக்கூடாது, சரியாகவே சொல்கிறான். அடுப்பு மேடையில் அலாரம் கடிகாரம் வைத்திருக்கிறேன். தையல்காரம்மா மேலிருந்து எட்டிப் பார்த்து, "என்னத்தைப் போட்டீங்க, பூண்டு வதக்கின சட்டியிலயா பேரிக்காய் வெச்சீங்க?" என்று கேட்டுவிட்டுச் சன்னலைச் சாத்திக்கொண்டார். நாங்கள் இருவரும் கடைசித் துண்டுவரை சாப்பிட்டோம். ஒன்றும் தெரியவில்லை. நன்றாக இருந்தது.

வரும் சனிக்கிழமையும் ஏழு மணிக்குப் பஸ் உண்டு. இந்த முறை தகவல் சொல்லவில்லை, வா என்றே சொல்கிறேன். மூக்கு திறக்கும்வரை காத்திருக்காதே. அடைத்த மூக்கோடேயே வா.

அத்தான்